காகிதம், கிரேயான், பசை: குழந்தைகளோடு செய்து பார்க்க மூன்று எளிய கைவேலைகள்

இந்தப் பதிவில் விளக்கியிருக்கும் மூன்று கைவேலைகளையும் 4 வயது முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளோடு வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முதலாவதை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது, இடையிடையே காய விடவேண்டியிருப்பதால், ஐந்தாறு நாள்களுக்கு நீளும்; அதை மட்டும் ஐந்து வயது நிரம்பிய பிறகு தொடங்குவது நல்லது. கைவினையில் முன் அனுபவம் இல்லாத பெற்றோரையும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு வேலையிலும் பெரியவர் செய்யவேண்டியது எது, குழந்தையிடம் விட்டுவிடவேண்டியது எது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன். செய்முறையைவிட இந்தப் பிரிவினையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். என் மகளுக்கு ஐந்து வயதானபோது, அவள் ஒட்டிய காகிதப் பூனையின் காது கோணலாக இருக்கிறதே என்று நான் அதைப் பிரித்தெடுத்து நேராக ஒட்டிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அந்தப் பூனையை அதன்பின் தொடவே இல்லை. குழந்தையின் கை வைத்த இடத்தில் நம் கையை வைக்கக் கூடாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

தொடங்குமுன்

மேசையின் மீது பழைய செய்தித்தாளை விரித்து, அதன் ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால் பாதி வேலையில் தாள் நகர்ந்து, தண்ணீர்க் கிண்ணமும் கவிழும். கை துடைக்க ஓர் ஈரத்துணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். தேவையான எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகே குழந்தையைக் கூப்பிடுங்கள், ஏனெனில் நீங்கள் பசையைத் தேடிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில் சிறு குழந்தையின் ஆர்வம் வேறெங்காவது போய்விடும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால், பொத்தான், மணி போன்ற வாயில் போடக்கூடிய சிறு பொருள்களை இந்த மேசைக்கே கொண்டுவர வேண்டாம்.

கத்தரிக்கோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முனை மழுங்கிய, ஆனால் தாளை நன்றாக வெட்டக்கூடிய சிறிய கத்தரிக்கோல் வேண்டும். வெட்டாத கத்தரிக்கோல் பாதுகாப்பானது என்று எண்ணுவது தவறு, ஏனெனில் அதை வைத்து வெட்ட முயலும் குழந்தை வலுவாக அழுத்தி, தாளை இழுத்து, கையைத் தவறவிடும். கட்டைவிரல் மேலே பார்த்தபடி இருக்கட்டும். வளைவாக வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கை ஒரே இடத்தில் நிற்க, மறு கைதான் தாளைத் திருப்பவேண்டும். இதை ஒருமுறை காட்டினாலே போதும், வட்டம் வெட்டுவது பாதி எளிதாகிவிடும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு இடக்கைக் கத்தரிக்கோலையே வாங்கிக் கொடுங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், விரல்களின் அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று சேர்ப்பதற்குப் பதிலாக விலக்குகிறது. வெட்டவேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடுகிறது. அந்தக் குழந்தைக்குக் கை வராது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். குறை கருவியில்தான் இருக்கிறது.

முதல் வேலை: கண்ணுக்குத் தெரியாத கிரேயான் படம்

தேவையானவை: கெட்டியான வரைதாள், வெள்ளை நிற மெழுகுக் கிரேயான், வாட்டர் கலர், அகலமான தூரிகை, தண்ணீர், சிறிது உப்பு.

அச்சிடுவதற்குப் பயன்படும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் எடை உடையது. ஈரம் பட்டதும் சுருங்கி நெளிந்துவிடும். சதுர மீட்டருக்கு 160 கிராமுக்குக் குறையாத வரைதாளாக எடுங்கள். அதன் நான்கு ஓரங்களையும் ஒரு பலகையிலோ தடித்த அட்டையிலோ ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டால், காயும்போது தாள் சுருளாது. நாடாவை உரித்தபின் படத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டமும் கிடைக்கும்.

இனி குழந்தையின் வேலை தொடங்குகிறது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாது என்பதால், சரியாக வந்ததா என்று பார்த்துப் பார்த்து அழிக்கும் பழக்கமுள்ள குழந்தைகூட இதில் தயங்காமல் வரைகிறது. என்ன வரையவேண்டும் என்று சொல்லாதீர்கள். அழுத்தி வரையவேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும், ஏனெனில் மெழுகு தடிமனாகப் படியாத இடத்தில் படம் வெளிப்படாது.

அடுத்து, வாட்டர் கலரில் அடர்ந்த நீலத்தையோ ஊதாவையோ நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, தூரிகையில் தோய்த்து, தாளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே வீச்சாகப் பூசவேண்டும். கிரேயான் என்பது பாரஃபின் மெழுகில் நிறமியைக் கலந்து செய்யப்படுவது. மெழுகில் தண்ணீர் ஒட்டுவதில்லை. ஆகவே கோடு விழுந்த இடங்களை நீர் விட்டு விலகி, மற்ற இடங்களில் தாளுக்குள் ஊறுகிறது. மறைந்திருந்த படம் வெள்ளைக் கோடுகளாக எழுந்து வரும் அந்த நொடிக்காகவே இந்த வேலையை முதலாவதாக வைத்தேன். வண்ணம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். தண்ணீரில் கரையும் வகைக் கிரேயான்கள் இதற்கு உதவா. ஆயில் பேஸ்டல் உதவும்.

தாளின் மேல் ஈரம் இன்னும் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே சில இடங்களில் உப்பைத் தூவச் சொல்லுங்கள். ஒவ்வொரு உப்புக்கல்லும் தன்னைச் சுற்றியுள்ள வண்ண நீரை உறிஞ்சிக்கொள்வதால், காய்ந்தபின் தட்டிவிட்டால் வெளிறிய நட்சத்திரங்கள் போன்ற தடங்கள் எஞ்சும். இதற்குப் பொடி உப்பைவிடக் கல்லுப்பு நன்றாக இருக்கும். பளபளப்பு போனபின் தூவினால் ஒன்றும் நடக்காது.

இரண்டாம் வேலை: கூண்டுக்குள் பறவை

ஒரு வட்டத் தட்டின் ஒரு பக்கத்தில் பறவை, மறுபக்கத்தில் வெறும் கூண்டு. நூலை முறுக்கிச் சுழற்றினால் பறவை கூண்டுக்குள் இருப்பதுபோலத் தெரியும். 1825-ஆம் ஆண்டிலேயே லண்டனில் விற்கப்பட்ட பழைய விளையாட்டுப் பொருள் இது. ஜான் ஏர்ட்டன் பாரிஸ் என்ற மருத்துவர் இதைப் பரப்பியவராக அறியப்படுகிறார். ஆங்கிலத்தில் இதற்குத் தாமட்ரோப் என்று பெயர்.

மெல்லிய அட்டையில் 8 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தையும், வெள்ளைத் தாளில் அதே அளவில் இரண்டு வட்டங்களையும் வெட்டிக்கொள்ளுங்கள். அட்டையை நீங்கள் வெட்டுங்கள். தாளைக் குழந்தை வெட்டட்டும். தாள் வட்டங்களில் ஒன்றில் பறவையையும் மற்றொன்றில் கூண்டையும் வட்டத்தின் நடுவில் வரையவேண்டும். பறவையைவிடக் கூண்டு பெரிதாக இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பென்சில் கோடு சுழலும்போது மங்கிவிடும். ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடுகளாக வரையச் சொல்லுங்கள்.

தொடக்கக்காரர்கள் எல்லோரும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. தட்டு நூலை அச்சாகக் கொண்டு மேலும் கீழுமாகப் புரளுவதால், பின்பக்கப் படம் முன்பக்கப் படத்துக்குத் தலைகீழாக இருந்தால்தான் இரண்டும் சேரும். இதை யோசித்துக் குழம்பவேண்டியதில்லை. பறவையை அட்டையில் ஒட்டியதும், சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தாளைக் கீழிருந்து மேலாகப் புரட்டுவதுபோல அட்டையைப் புரட்டுங்கள். இப்போது உங்கள் முன் இருக்கும் வெற்றுப் பக்கத்தில் கூண்டை நேராக வைத்து ஒட்டுங்கள். புத்தகத்தின் பக்கத்தைப் போலப் பக்கவாட்டில் புரட்டி ஒட்டினால் பறவை கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்கும். ஒட்டிய தட்டின் இட, வல ஓரங்களை விரல்களால் பிடித்து மேலும் கீழுமாகப் புரட்டிப் பாருங்கள்; இரண்டு படங்களும் நேராகவே தெரிந்தால் சரி.

பசை காய்ந்தபின், படத்தின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும், விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி, நேருக்கு நேராக ஒவ்வொரு துளை இடுங்கள். இது பெரியவரின் வேலை. 40 செ.மீ. நீளமுள்ள நூல் ஒன்றை இரண்டாக மடித்து, மடிப்பை ஒரு துளைக்குள் நுழைத்து, நூலின் இரு முனைகளையும் அந்த மடிப்புக்குள் விட்டு இழுத்தால் கண்ணி இறுகிக்கொள்ளும். மறுபக்கத்திலும் இப்படியே செய்யுங்கள். ஒருவர் இரு பக்க நூலையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் தட்டை இருபது முறை சுற்றி முறுக்கேற்றவேண்டும். பிறகு நூலை இரு பக்கமும் மெல்ல இழுத்தால் தட்டு வேகமாகச் சுழலும். மாறி மாறி விரைந்து வரும் இரண்டு படங்களையும் கண்ணும் மூளையும் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாமல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கின்றன. மெதுவாகச் சுழற்றினால் பறவையும் கூண்டும் தனித்தனியே தெரியும். அதையும் செய்து காட்டிவிட்டு, ஏன் என்று நீங்கள் விளக்குமுன் குழந்தை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

முதல் தட்டு முடிந்ததும் இரண்டாவதற்கான சோடியைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். தொட்டியும் மீனும், மொட்டை மரமும் இலைகளும், முகமும் தொப்பியும் நன்றாக வரும். எழுதத் தெரிந்த குழந்தை, தன் பெயரின் முதல், மூன்றாம் எழுத்துகளை ஒரு பக்கத்திலும், இரண்டாம், நான்காம் எழுத்துகளை மறுபக்கத்தில் உரிய இடைவெளியிலும் எழுதிச் சுழற்றினால் முழுப் பெயரையும் படிக்கலாம்.

மூன்றாம் வேலை: காகிதக் கிண்ணம்

மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எறியப்போகும் தாளும் மாவுப் பசையும் சேர்ந்து, தட்டினால் மரம்போல ஒலிக்கும் ஒரு பொருளாக மாறுவதைக் குழந்தை நாள்தோறும் தொட்டுப் பார்த்து அறிகிறது. காத்திருக்கவேண்டிய வேலை என்பதால், ஐந்து வயது நிரம்பிய குழந்தைகளோடு தொடங்குவது நல்லது.

1. பசை காய்ச்சுதல். இதைப் பெரியவர் முன்கூட்டியே செய்து ஆறவைக்கவேண்டும். 1 கப் மைதாவை 1 கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். 4 கப் நீரைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை அதில் மெல்ல ஊற்றியபடி கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறி, கண்ணாடி போன்ற பளபளப்பு வந்ததும் இறக்கி, பூஞ்சை பிடிப்பதைத் தாமதப்படுத்த ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கலந்துவிடுங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தையென்றால், கடையில் வாங்கும் வெள்ளைப் பசையைச் சம அளவு நீரோடு கலந்து பயன்படுத்துங்கள்.

2. தாளைக் கிழித்தல். கத்தரிக்கோலை எடுக்கவேண்டாம். கையால் கிழித்த ஓரத்தில் நார்கள் பிசிறாக நிற்பதால், அது அடுத்த துண்டோடு இழைந்து ஒட்டும். வெட்டிய ஓரம் படிபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். செய்தித்தாளை நீளவாட்டில் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அகலவாட்டில். ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் கோணல்மாணலாகவும் கிழியும். ஆலையில் தாள் உருவாகும்போது நார்களில் பெரும்பாலானவை ஒரே திசையில் படிந்துவிடுவதே இதற்குக் காரணம். நேராகக் கிழியும் திசையில் 2 அல்லது 3 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள துண்டுகளாகக் கிழித்துக் குவியுங்கள். செய்தித்தாள் ஒரு குவியல், ஒருபக்கம் அச்சிட்ட வெள்ளைத் தாள் ஒரு குவியல் என்று இரண்டு வகை வேண்டும். காரணத்தை அடுத்து வரும் படியில் சொல்கிறேன்.

3. அச்சில் ஒட்டுதல். வாய் அகன்ற கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையால் வெளிப்பக்கத்தைச் சுற்றி மூடி, மிச்சத்தை உட்புறம் செருகிவிடுங்கள். வாய் குறுகிய பாத்திரம் வேண்டாம்; காய்ந்தபின் கழற்ற முடியாது. குழந்தை ஒவ்வொரு துண்டையும் பசையில் தோய்த்து, இரண்டு விரல்களுக்கு இடையில் விட்டு இழுத்து, மிஞ்சிய பசையை வழித்துவிட்டு, கிண்ணத்தின் மேல் ஒட்டவேண்டும். ஒரு துண்டு அடுத்ததன் மேல் சற்றே ஏறியிருக்கட்டும். முதல் அடுக்கு முழுவதும் செய்தித்தாள், இரண்டாவது முழுவதும் வெள்ளைத் தாள் என்று மாறி மாறி மொத்தம் ஆறு அடுக்குகள் வேண்டும். அப்போது எந்த இடம் விட்டுப்போயிற்று என்பது குழந்தைக்கே தெரியும். நீங்கள் சுட்டிக்காட்டவேண்டிய தேவை இராது. முதல் அடுக்கின் துண்டுகள் மேலிருந்து கீழாகச் சென்றால், இரண்டாம் அடுக்கின் துண்டுகள் சுற்றுவாட்டில் செல்லட்டும்.

4. காய வைத்தல். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குகளுக்கு மேல் ஒட்டாதீர்கள். ஆறு அடுக்குகளையும் ஒரே நாளில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கி, கிண்ணம் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். ஈரப்பதம் மிகுந்த நாள்களில் இரண்டு நாள்கூட ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை தொடும் இடம் குளிர்ச்சியாக இருக்கும். இடைப்பட்ட நாள்களில் பசையைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

5. கழற்றி ஓரம் கட்டுதல். ஆறு அடுக்குகளும் காய்ந்தபின் பிளாஸ்டிக் உறையைப் பிடித்து மெல்ல இழுத்தால் காகிதக் கிண்ணம் தனியே வந்துவிடும். உட்புறம் காய மேலும் ஒரு நாள் விடுங்கள். ஓரத்தைச் சமமாக வெட்டுவதா, பிசிறாகவே விடுவதா என்று குழந்தையிடம் கேளுங்கள். எதுவானாலும், சிறு காகிதத் துண்டுகளை விளிம்பின் மேல் உள்ளும் வெளியுமாக மடித்து ஒட்டிவிட்டால் அடுக்குகள் பிரியமாட்டா.

6. வண்ணம். முதலில் வெள்ளை வண்ணத்தை ஒரு பூச்சுப் பூசிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே பூசும் நிறத்தின் ஊடே செய்தித்தாளின் எழுத்துகள் தெரியும். சில குழந்தைகள் அந்த எழுத்துகளை விரும்பி, வெள்ளை வேண்டாம் என்பார்கள், அப்படியே விட்டுவிடுங்கள். போஸ்டர் கலர் கைப்பட்ட ஈரத்திலும் கரைந்து வரும் என்பதால் அக்ரிலிக் வண்ணம் மேல். போஸ்டர் கலர்தான் இருக்கிறது என்றால், நன்றாகக் காய்ந்தபின், சிறிது நீர் கலந்த வெள்ளைப் பசையை மென்மையான தூரிகையால் அழுத்தாமல் இரண்டு முறை பூசுங்கள். பூசும்போது பால்போல வெளுத்துத் தெரிந்தாலும், காய்ந்ததும் தெளிந்துவிடும்.

இந்தப் பூச்சுக்குப் பிறகும் கிண்ணம் தண்ணீரைத் தாங்காது. கழுவாமல் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும்; கிரேயான், நூல்கண்டு, இரண்டாம் வேலையில் செய்த சுழல்தட்டுகள் ஆகியவற்றைப் போட்டுவைக்கலாம். எதைப் போடுவது என்பதைக் குழந்தை கிண்ணம் முடியுமுன்னரே தீர்மானித்திருக்கும்.