பிரசவத்துக்குத் துணையாக யாரைக் கூட்டிப் போவது?

ஏழாம் மாதம் முடிவதற்குள் இதைப் பேசி வைத்துவிடுங்கள். வலி வந்த பிறகு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் சும்மா இருக்கிறாரோ அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடக் கூடாது. என் தங்கச்சிக்கு நான் அப்படித்தான் போனேன். அவள் அமைதியாக இருந்தாள், அழுதது நான். கிளினிக் அட்டையையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மாமியார் கோபிப்பார், பெரியம்மாதான் மூத்தவர் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். அதட்டாதவர், பல மணி நேரம் கூட நிற்கத் தெம்புள்ளவர், ஆஸ்பத்திரியில் பேசக் கொஞ்சம் சிங்களம் தெரிந்தவர் என்றால் போதும். 'லே யனவா' என்றால் இரத்தம் போகிறது, 'வத்துர யனவா' என்றால் தண்ணீர் போகிறது. இந்த இரண்டும் கர்ப்பிணிக்கே தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. கணவர் வரலாமா என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள். கட்டில்களுக்கு நடுவில் திரை மட்டும் இருக்கிற பிரசவ அறைகளில் பெண் துணையைத்தான் பெரும்பாலும் விடுவார்கள். யாராக இருந்தாலும் ஒரு தடவையாவது கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம் பயிற்சி. ராத்திரி பத்து நிமிடம் போதும். அவள் கட்டிலைப் பிடித்துக் குனிந்து நிற்க, துணை உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்புக்குக் கீழே முதுகை அழுத்திப் பிடிக்க வேண்டும். எங்கே, எவ்வளவு அழுத்துவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். மூச்சை, கொதிக்கிற பிளேன்டீயை ஊதி ஆற்றுகிற மாதிரி மெதுவாக, நீளமாக விடப் பழகுங்கள். வலி வரும்போது இருவரும் சேர்ந்து ஊதினால் அவளுக்குத் தாளம் தப்பாது. 'முக்கு, முக்கு' என்று துணை கத்தவே கூடாது. கருப்பை வாய் முழுதாக, அதாவது 10 சென்டிமீட்டர், திறக்கும் முன் முக்கினால் வீணாகக் களைத்துப்போவாள், எப்போது முக்குவது என்று மிஸ் சொல்லட்டும்.

வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வந்தால் கிளம்பலாம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் மிஸ்ட் இறங்கி, மழையில் மண் சரிகிற நம் ரோட்டுக்கு அந்தக் கணக்கு சரிவராது, முன்பே கிளம்புங்கள். நீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, எத்தனையாவது மாதமானாலும் உடனே போக வேண்டும். இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களமா கோயிலா எது பக்கத்தில் என்று சொல்லப் பழகுங்கள். ஒருவர் டோர்ச்சோடு ரோட்டில் நிற்கட்டும்.

பையில் முதலில் கிளினிக் அட்டை, அடையாள அட்டை. பிறகு துணிகள், பேட், பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி, சுடுதண்ணீர் பிளாஸ்க்.

பிறந்ததும் பிள்ளையை அம்மாவின் நெஞ்சிலேயே போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். வெளியே சீனித்தண்ணீரோடு காத்திருக்கிற அம்மாயியைத் தடுத்து நிறுத்துவதும் துணைக்குப் போனவரின் வேலைதான். அதற்கு முதுகு பிடிப்பதைவிடத் தெம்பு வேண்டும்.