அந்தத் தம்பி நமக்குச் சொந்தமில்லை: கல்லூரி மாணவர் ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கல்லூரிகளின் ஜெபக்குழுக்களோடு 16 வருடமாகப் பழகி வருகிறேன். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. சாயங்காலமும் சனிக்கிழமையும் இந்தப் பிள்ளைகளுக்கு. குழித்துறையில் ரயிலேறி நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் படிக்கப் போகிறவர்கள், பாறசாலைப் பக்கமே வீடுள்ள தமிழ்ப் பிள்ளைகள், மார்த்தாண்டத்துக்குப் படிக்க வருகிற மலையாளப் பிள்ளைகள் எல்லாரும் கலந்ததுதான் எங்கள் கூட்டம். இப்போது இதை மென்ட்டரிங் என்கிறார்கள். பிள்ளைகள் வாயில் நாம் எப்போதும் அண்ணன், அக்காதான். படிப்பை முடித்துவிட்டு இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே வரும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

முதலாவது, கேட்பதற்கு முன்னால் போதிப்பது. ஒரு வருடம் காலை ஏழரைக்கு ஜெபம் வைத்திருந்தோம். பி.எஸ்சி. படித்த ஒரு தம்பி வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். வந்த நாளும் சுவரில் சாய்ந்து தூங்குவான். அவனைத் தனியாக உட்காரவைத்து, காலைத் தியானம் ஏன் முக்கியம் என்று அரை மணி நேரம் பேசினேன். சோம்பேறியை எறும்பினிடத்தில் போகச் சொல்கிற நீதிமொழியையும் விடவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். எழுந்து போகும்போது பைபிளை எடுத்த அவன் கை கண்ணில் பட்டது. நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் கறுப்பாக ரப்பர் கறை.

"வீட்டுல பால் வெட்டு உண்டா மக்கா?"

"அப்பாவுக்கு முட்டு வலிண்ணா. மூணு மணிக்கு எழும்பி நான்தான் வெட்டிட்டு வாறேன்."

ரப்பர் தெரிந்தவர்களுக்கு இது புரியும். விடியலின் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிபார்த்து, நூற்றுக்கணக்கான மரத்தை முடித்துவிட்டு, பாலை எடுக்கிற வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் குளித்து பஸ் ஏறி வந்திருக்கிறான். அவனுக்குத்தான் நான் எறும்பைக் காட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனது கூசுகிறது. அவனாக என்னிடம் எதையும் சொல்லவில்லை என்பது அதைவிட வலிக்கிறது, ஏனென்றால் சொல்ல நான் இடமே கொடுக்கவில்லை.

அப்புறம் ஜெபத்தை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். நான் எனக்கே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளையோடு பழக ஆரம்பித்த முதல் மாதம் பாடம் எதுவும் கிடையாது. எத்தனை மணிக்கு எழும்புகிறாய், வீட்டில் யார் யார், ஃபீஸ் யார் கட்டுகிறார்கள், பஸ்ஸை விட்டு இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மதியம் சாப்பிட்டாயா. இவ்வளவுதான். எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் அந்த இரண்டு சீஷர்களோடு சேர்ந்து நடந்த இயேசு, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர்கள் முழுக்கதையையும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். எல்லாம் தெரிந்த அவரே கேட்டார். ஒன்றும் தெரியாத நாம் நேரே புத்தகத்தைத் திறக்கிறோம்.

இரண்டாவது தவறு எல்லைப் பக்கத்துக்கே உரியது: பிள்ளையின் ஜெபமொழியைத் திருத்துவது. நம் தமிழ் புராட்டஸ்டன்ட் சபைகளில் தேவன், கர்த்தர் என்றுதான் பழக்கம். தெய்வம் என்றால் அது வேறு சமயத்துச் சொல் என்று நினைக்கிறவர்கள் நிறைய. மலையாள வேதாகமத்தைத் திறந்தால் ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே வானத்தையும் பூமியையும் படைத்தவர் 'தைவம்'தான். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் கடவுளே, ஆண்டவரே என்பார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதலாமாண்டு தங்கச்சி, முதன்முதலாக வாய்விட்டு ஜெபித்தபோது "என் தெய்வமே" என்று தொடங்கினாள். முடிந்ததும் ஒரு சீனியர் எல்லார் முன்னாலும் "அப்படிச் சொல்லக்கூடாது, தேவனேன்னு சொல்லணும்" என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அந்த வருடம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை.

1956 நவம்பர் 1 வரைக்கும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. இந்தப் பக்கத்திலும் பாட்டி மலையாள பைபிளும் பேரன் தமிழ் பைபிளும் வைத்துக்கொண்டு ஒரே ஆராதனைக்குப் போகிற வீடுகள் உண்டு. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பையனிடம் "ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வா" என்று மலையாளத் தோழன் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை என்ன ஸ்கூல் என்றுதான் முழிப்பான்; மலையாளத்தில் பள்ளி என்றால் சர்ச். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஜெபத்தில் கை வைத்தால்தான் பழகாது. எந்த மொழியில் அழுவானோ அந்த மொழியில் ஜெபிக்கட்டும். வேதபாடத்தில் இரண்டு மொழி பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வசனத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு மொழியில் மங்கலாக இருந்தது இன்னொரு மொழியில் துலங்கும். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேச்சு நடப்பது அந்த இடத்தில்தான்.

அடுத்தது ரகசியம். இதில் இரண்டு பக்கமும் சறுக்கலாம்.

ஒரு பக்கம், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் கசிய விடுவது. ஒரு தம்பி வீட்டில் அப்பாவின் குடியைப் பற்றி என்னிடம் மனம் திறந்து பேசினான். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், பெயரைச் சொல்லாமல்தான், "இரண்டாம் வருஷத்துல ஒரு தம்பி, வீட்டுல அப்பா குடிக்கிறதால ரொம்பக் கஷ்டப்படுறான், பாரத்தோட ஜெபிப்போம்" என்றேன். இரண்டாம் வருடத்திலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களே நாலு பேர்தான். மறுநாள் அவன் கேன்டீனில் என்னைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி போனான். மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்லண்ணா" என்றான். திரும்ப என்னிடம் எதையும் சொன்னதில்லை. அன்றிலிருந்து, ஒருவர் சொன்னதைக் கூட்டத்தில் ஜெபிக்க வேண்டுமானால் அவரிடம் முன்கூட்டியே கேட்கிறேன், எந்த வார்த்தையில் சொல்லலாம் என்பது உட்பட.

மறுபக்கம், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று கையடித்துக் கொடுப்பது. அந்த வாக்கை எல்லா நேரமும் காப்பாற்ற முடியாது. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், யாராவது அதற்குக் கொடுமை செய்கிறார்கள் என்று தெரிந்தால், நாம் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். கல்லூரிக்கு வரும்போது பலருக்கு வயது 17தான். 18 நிறையாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் அதைப் போலீசுக்குத் தெரிவிப்பது 2012-இன் போக்சோ சட்டப்படி கட்டாயம். மூடி மறைத்துச் சமாதானம் பேசுகிற வேலை நமக்கில்லை, அது சபைக்குள்ளேயே நடந்ததாக இருந்தாலும். அதனால் நான் ஆரம்பத்திலேயே இப்படிச் சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றது என்கிட்ட இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் தனியா வச்சுக்கமாட்டேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் அடுத்த ஆள்கிட்ட போவேன்." இதைக் கேட்டு ஓடிப்போன பிள்ளை இதுவரை யாரும் இல்லை.

சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளையிடம் வசனம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். தனியாக விடாதீர்கள், வீட்டாரையோ விடுதிப் பொறுப்பாளரையோ வரவழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளப் பக்கம் திசா உதவி எண் 1056-உம் இருக்கிறது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், விசுவாசம் இருந்தால் இது எதற்கு என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரவே கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வோமா? ஜெபியுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

சபையைப் பற்றி. விளவங்கோடு பக்கம் ஒரே தெருவில் சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கம், மலங்கரை, இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாம் இருக்கும். மாணவர் கூட்டம் எந்தச் சபையையும் விழுங்க வந்ததில்லை. பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தன் சபையில் ஞானஸ்நானத்தைப் பற்றி ஒன்றைக் கேட்கிறான், செவ்வாய்க்கிழமை நாம் வேறொன்றைச் சொல்கிறோம், வீட்டில் சண்டை வருகிறது. ஒரு அம்மா என்னிடம், "உங்க கூட்டத்துக்கு வந்தப்புறம் அவன் எங்க சபை ஐயர் பிரசங்கத்துல குத்தம் மட்டும்தான் பார்க்குறான் தம்பி" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. நாங்கள் பேசுகிற விதம் அவனை அப்படி ஆக்கியிருந்தது. இப்போது பிள்ளைகளின் சபைக்கு வருடத்தில் ஒரு தடவையாவது போய் உட்காருகிறேன், குருவானவரையோ பாஸ்டரையோ பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். மற்றச் சமயத்து வீட்டுப் பிள்ளைகளும் நண்பர்களோடு வந்து உட்காருவதுண்டு. மனதோடு கேட்கட்டும், கேள்வி கேட்கட்டும். "வீட்டுக்குத் தெரியாம வா" என்று மட்டும் சொல்லவே கூடாது. சாப்பாடு, ஃபீஸ் என்று நாம் செய்கிற உதவியை அவர்களுடைய வருகையோடு முடிச்சுப் போடவும் கூடாது.

'கர்த்தர் சொன்னார்' என்று பிள்ளைகளுக்காக முடிவெடுப்பது இன்னொன்று. நம் பக்கம் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! படிப்புக் கடன் வீட்டை அழுத்தும், அம்மா முந்திரி ஆபீசில் கொட்டை உடைத்து வட்டி கட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒரு தங்கச்சியிடம், வெளிநாட்டுக்குப் போவது உலக ஆசை, முழுநேர ஊழியத்துக்கு வா என்று ஒரு கேம்பில் ஒருவர் அழைத்தார். அவள் மூன்று மாதம் தூங்கவில்லை. தேவனுடைய சித்தத்தை அவளுக்குப் பதிலாக நாம் கேட்டுச் சொல்ல முடியாது. எங்கள் அக்கா ஒருவர் அவளோடு பேப்பரை வைத்து உட்கார்ந்து, கடன் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, யார் யார் அவளை நம்பி இருக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்து, பிறகு ஜெபித்தார். முடிவை அவளே எடுத்தாள், போனாள். வார்டில் அவள் நோயாளியின் கையைப் பிடிப்பதும் ஊழியம்தான். கல்யாண விஷயத்திலும் இதே கதைதான். அதில் நாம் தரகர் வேலை பார்க்கவும் கூடாது, தடுப்புச் சுவராக நிற்கவும் கூடாது.

படிப்பைக் கெடுக்காதீர்கள். 75 சதவீத வருகைப்பதிவு இல்லாமல் பரீட்சை எழுத முடியாமல் போன பிள்ளைக்கு நம் கேம்ப் சாக்காக இருக்கக்கூடாது. இந்தப் பக்கம் அரியர் என்பார்கள், அந்தப் பக்கம் சப்ளி என்பார்கள், அப்பா முகம் வாடுவது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அண்ணன்மார் தங்கச்சிகளைத் தனியாகச் சந்தித்து ஆலோசனை கொடுப்பதை விட்டுவிடுங்கள். அக்காமாரிடம் அனுப்புங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் வாட்ஸ்அப் வேண்டாம். கடன் கொடுக்காதீர்கள், முடிந்தால் சும்மா கொடுங்கள். கடன் கொடுத்தால் அந்தப் பிள்ளை நம்மைப் பார்த்ததும் வேறு வழியில் போக ஆரம்பித்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும் நாமே செய்வது. 1954-இல் உருவான யூ.இ.எஸ்.ஐ. (யூனியன் ஆஃப் எவாஞ்சலிக்கல் ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் இந்தியா) போன்ற மாணவர் ஐக்கியங்கள், கல்லூரிக்குள் மாணவர்களே முன்னின்று நடத்த வேண்டும், பட்டதாரிகள் பின்னால் நின்று தாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்தவை. நடைமுறையில் என்ன ஆகிறது? பாட்டைத் தேர்ந்தெடுப்பது நாம், செய்தி கொடுப்பது நாம், ஜெபித்து முடிப்பதும் நாம். மாணவன் பாயை விரிக்கிறான். செய்தியில் திணறட்டும், இரண்டு நிமிடம் பேச்சு வராமல் நிற்கட்டும். நான் பின் வரிசையில் உட்கார்ந்து, பதில் தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுவதற்கே நாலைந்து வருடம் பிடித்தது.

சிலர் பாதியில் விட்டுப்போவார்கள். யோவான் மாற்கு பம்பிலியாவில் விட்டுத் திரும்பியவன். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போகக் கூடாது என்று பவுல் நின்றார், கூட்டிப்போக வேண்டும் என்று பர்னபா நின்றார், அதிலேயே இருவரும் பிரிந்தார்கள். பின்னாளில் அதே மாற்குவைத் தன்னிடம் கூட்டிவரச் சொல்லி பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதினார். வராமல் போன பிள்ளைக்கு "ஏன் வரல" என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் ஒரு எட்டுப் போய்ப் பார்ப்பது, அது போதும்.

படித்து முடித்துப் போகிறவர்களுக்கு, அவர்கள் போகிற ஊரில் உள்ள யாராவது ஒருவருடைய நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். ரப்பர் வெட்டிய அந்தத் தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோதும் அப்படித்தான். குழித்துறை ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிட்ட அன்று, ஒரு மாதத்துக்கு நானாக அவனுக்கு போன் பண்ணுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பதினொன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். நான் கொடுத்த நம்பருக்கு இன்னும் போன் பண்ணவில்லை, ஆனால் ரூமில் கூட இருக்கிற பையனோடு ராத்திரி பைபிள் வாசிக்கிறான், அந்தப் பையனுக்குக் காலை ஷிஃப்ட், அப்போது முடியாது என்பதால் ராத்திரி பதினோரு மணிக்கு வைத்திருக்கிறார்களாம்.