சில்வர் கோஸ்ட் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில்வர் கோஸ்ட் என்ற பழைய ரோல்ஸ் ராய்ஸ் காரின் படம் கண்ணில் பட்டதும் "1912-இல் ரோல்ஸ் ராய்ஸ் செய்த கார்" என்று எழுதிவிடுகிறோம். அதில் பாதிதான் சரி. அந்தக் காலத்தில் கம்பெனி விற்றது சேசிஸ் மட்டுமே. இன்ஜினும் ரேடியேட்டரும் சக்கரங்களுமாக வந்த அதை, வாங்கியவர் பார்க்கர், ஹூப்பர் போன்ற பட்டறைகளில் கொடுத்துப் பாடி கட்டிக்கொள்வார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுவது போலத்தான். சில வருஷம் ஓட்டிவிட்டுப் பழைய பாடியை இறக்கி, வேறொன்றை ஏற்றியவர்களும் உண்டு. எனவே கதவையும் கூரையையும் பார்த்து வண்டியின் வயதைச் சொல்லாதீர்கள். முதலில் சேசிஸ் நம்பரைத் தேடுங்கள். சேசிஸுக்கு ஒரு வயது, பாடிக்கு ஒரு வயது என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

பெயரிலும் இதே குழப்பம். 1906-இல் அறிமுகமான மாடலின் பெயர் 40/50. 'சில்வர் கோஸ்ட்' என்பது 1907-இல் வெள்ளி நிறம் பூசிய ஒரே ஒரு வண்டிக்கு வைத்த பெயர்; அதன் சேசிஸ் நம்பர் 60551. 1925-இல் பாண்டம் என்ற அடுத்த மாடல் வந்த பிறகுதான் பழைய 40/50 அத்தனைக்கும் அந்தப் பெயர் நிலைத்தது.

"ஏழு லிட்டர் இன்ஜினுக்கு வெறும் 48 குதிரைத்திறனா?" என்று இன்றைய கணக்கில் எடைபோடுவது எனக்கு வருத்தம் தரும் தவறு. இன்ஜினை வடிவமைத்த ஹென்றி ராய்ஸ் தேடியது வேகத்தை அல்ல, அமைதியை. அன்றைய ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் நீளமான தண்டு, அதாவது கிராங்க் ஷாஃப்ட், முறுக்கிக்கொண்டு அதிரும். அவர் தடித்த கிராங்கைப் போட்டு, அதை ஏழு பேரிங்குகளில் தாங்கவைத்தார். எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பினார். மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு பிளாக். குறைந்த கம்ப்ரஷன், நிதானமான சுற்று. அந்த அமைதி இப்படி வந்ததுதான்.

ரேடியேட்டர் மேல் நிற்கும் சிறகுப் பெண் சிலை 1911-இல்தான் வந்தது. 1907 வண்டியை வர்ணிக்கும்போது அதைச் சேர்க்காதீர்கள். 40/50 எல்லாம் இங்கிலாந்தில் செய்தவை என்றும் எழுதாதீர்கள். 1,701 வண்டிகள் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவானவை.

அதிகம் பரவிய தவறு, "சில்வர் கோஸ்ட் 15,000 மைல் நிற்காமலே ஓடியது" என்பது. 1907-இல் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவு பகலாக ஓடிய அந்த வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அதோடு 629-ஆம் மைலில் ஒருமுறை நின்றும் போனது: வண்டி குலுங்கியதில் பெட்ரோல் டேப் தானாக மூடிக்கொண்டது. திறந்துவிட்டதும் கிளம்பி, மீதி 14,371 மைலும் பழுதால் நிற்கவில்லை. இதைத்தான் எழுத வேண்டும். ஓட்டம் முடிந்ததும் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பொறியாளர்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். புதிது போல் ஆக்கத் தேவைப்பட்ட பாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ்.