விரல் மடங்காத அம்மாவுக்கு வெல்க்ரோ ஜாக்கெட்

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, ஜாக்கெட் ஹூக் போடவே கால் மணி நேரம். ஹூக்கையெல்லாம் பிரித்துவிட்டு முக்கால் அங்குல வெல்க்ரோ தைத்தேன். முழு நீளத்துக்கு ஒரே பட்டையாக வைத்தது தப்பு: விறைத்துக்கொண்டு, உட்கார்ந்தால் வயிற்றில் குத்தியது. ஓரங்குலத் துண்டுகள் ஐந்து போதும், மூலைகளை வளைத்து வெட்டணும். சொரசொரப்பான பக்கம் அடிப்பட்டியில், வெளியே பார்த்தபடி. மெத்தென்ற பக்கம் மேல்பட்டியின் உள்ளே. அப்போதுதான் தோலில் உரசாது.

16ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் நீளத் தையல். பின்னால் பசை தடவிய ரகம் வேண்டவே வேண்டாம். பசை ஊசியில் ஏறி, தையல் விட்டுவிட்டு விழும். ஜாக்கெட் இறுக்கமென்றால் எந்த வெல்க்ரோவும் பிரியும், அதனால் இரு பக்கத் தையலிலும் அரை அங்குலம் விட்டுக்கொடுத்தேன். துவைக்கும்போது ஒட்டியே போடுங்கள், இல்லாவிட்டால் கூடப் போட்ட புடவையில் நூல் இழுத்துவிடும்.