முன் சக்கரத்தை ஃபோர்க்கில் சரியாக மாட்டுவது எப்படி?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா மகன் பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூருக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முன் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கில் உரசி நின்றுவிட்டது. மெதுவாக வந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. முந்தின நாள் பஞ்சர் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை அவனேதான் மாட்டியிருந்தான். "கெட்டியாத்தானே மாமா இருந்துச்சு" என்றான். சக்கரத்தை இறுக்கும் லீவரைத் தண்ணீர்க் குழாய் மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்கியிருக்கிறான். அது திருகுகிற சாமான் இல்லை, மடக்குகிற சாமான்.

முதலில் உங்கள் சைக்கிளின் முன் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நட்டு இருந்தால் அது ஆக்ஸில் (ஹப்பின் நடுவே ஓடும் தண்டு) நட்டு வகை. பள்ளியில் கொடுக்கும் இலவச சைக்கிளும் பழைய கனமான சைக்கிள்களும் இப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் லீவரும் மறு பக்கம் சின்ன நட்டும் இருந்தால் குவிக் ரிலீஸ். ஆக்ஸிலே ஃபோர்க்குக்குள் திருகி நுழைகிற துரூ ஆக்ஸில் வகையும் உண்டு. அதை இங்கே சொல்லவில்லை.

குவிக் ரிலீஸ் மாட்டுவது

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் தரையில் நேராக நிறுத்துங்கள். சைக்கிளின் எடையே ஆக்ஸிலை ஃபோர்க் நுனியில் உள்ள காடியின் மேல்முனை வரை உட்கார வைத்துவிடும். ஹப்பின் இரு பக்கமும் கூம்பு மாதிரி சின்ன ஸ்பிரிங் இருக்கும். அதன் குறுகிய முனை ஹப்பைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்பிரிங் நடுவில் மாட்டிக்கொண்டு இறுகவே விடாது.

இப்போது லீவரைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்க நட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். நடுநடுவே லீவரை மடக்கிப் பாருங்கள். லீவர் ஹப்பிலிருந்து நேராக வெளியே நீட்டி நிற்கும் இடத்தில், அதாவது பாதி வழியில், கைக்குக் கனம் தெரிய ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்பே முரண்டு பிடித்தால் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். கடைசி வரை லேசாகப் போனால் கால் சுற்று இறுக்குங்கள். சரி, இனி விரல்களால் ஃபோர்க் காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் லீவரை முழுக்க அழுத்தி மடக்குங்கள். கையை எடுத்தால் உள்ளங்கையில் லீவரின் அச்சு ஒரு நிமிடம் சிவப்பாகத் தெரியும். அந்த அச்சு விழாவிட்டால் நான் வண்டியை எடுக்க மாட்டேன்.

லீவருக்கு அடியில் கேம் (cam) என்ற, மையம் விலகிய ஒரு உருளை இருக்கிறது. மடக்கும்போது அதுதான் உள்ளே ஓடும் கம்பியை இழுத்து, ஃபோர்க்கின் இரு நுனிகளையும் ஹப்போடு நெருக்குகிறது. சுற்றி இறுக்கினால் அந்தக் கேம் வேலையே செய்யாது, விரல் பலம் மட்டும்தான் மிஞ்சும்.

டிஸ்க் பிரேக் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அந்த விசையே சக்கரத்தைக் காடியிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும். லீவர் முழுக்கத் திறந்த நிலையிலும் டிஸ்க்கைத் தொடக் கூடாது. 2015-ல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 10 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். திறந்துபோன லீவர் டிஸ்க்கில் சிக்கினால் சக்கரம் சட்டென நின்றுவிடும்.

நட்டு வகை

பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பேனர் போதும், ஆனால் நட்டில் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். கொக்கி வைத்த வாஷர் இருந்தால் அதை ஃபோர்க்குக்கு வெளியே, நட்டுக்கு உள்ளே போட்டு, கொக்கியை ஃபோர்க்கில் உள்ள ஓட்டையில் செருகுங்கள். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கொக்கிதான், தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டு மறு பக்கம் போகாமல், இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

மாட்டிய பிறகு

ரிம்முக்கும் ஃபோர்க் கால்களுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடித்து, டயரின் மேல் கையால் இரண்டு குத்து குத்துங்கள். சக்கரம் அசையக் கூடாது. ரிம் பிரேக்கைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டியாயிற்றா என்றும் பாருங்கள், அவசரத்தில் மறந்துபோவது இதுதான்.

குவிக் ரிலீஸ் ஃபோர்க்கின் நுனியில் சின்ன உதடு மாதிரி மேடு இருக்கும். சக்கரம் கழற்றத் தொந்தரவாக இருக்கிறது என்று அதை அரத்தால் ராவிவிடுகிறவர்கள் உண்டு. ராவவே கூடாது. லீவர் தெரியாமல் திறந்துகொண்டாலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கடைசித் தடை அது. நட்டை இன்னும் நாலு சுற்று தளர்த்தினால் சக்கரம் தானாக வெளியே வரும்.

கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்றில் நட்டும் கேமும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை கேமில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், டிஸ்க்கிலும் ரிம்மிலும் படாமல். அப்புறம், ரயில் நிலையத்தில் பகல் முழுக்க நிறுத்திவிட்டு வந்தால், ஏறுவதற்கு முன் லீவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். யாராவது விளையாட்டாகத் திறந்து வைத்திருக்கலாம்.