வேகமான சிக்னல் லைப்ரரியை வெளியிடுவது எப்படி? ஒரு போர்வெல் மோட்டார் கற்றுத்தந்தது

மாமாவின் தக்காளித் தோட்டம் பாலக்கோட்டுக்குப் பக்கம். அங்குள்ள போர்வெல் மோட்டாரின் டெலிவரி பைப்பில் அதிர்வு சென்சார் ஒட்டி, மோட்டார் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க சி மொழியில் ஒரு லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) எழுதினேன். பெயர் 'உறுமி'. இரட்டைத் துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் கரண்ட் கொடுத்தால், சுமையோடு விநாடிக்கு 48 சுற்று போல வரும். விநாடிக்கு 1024 முறை அளந்து 1024 புள்ளி எஃப்எஃப்டி (அதிர்வை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் ஒவ்வொரு ஹெர்ட்ஸும் தனியாகத் தெரியும். நேரடிக் கணக்கில் இதற்கு 10,48,576 பெருக்கல். கூலியும் டியூக்கியும் 1965-இல் வெளியிட்ட முறையில் 5,120 போதும்.

எழுதியது பெரிய விஷயமில்லை. அதை அடுத்தவர் கையில் கொடுத்தபோதுதான் சிக்கலே. வரிசையாகச் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் படி: வாசலை முடிவு செய்யுங்கள்

எந்த ஃபங்ஷன்களை மற்றவர்கள் அழைக்கலாம் என்று ஒரே ஹெடர் ஃபைலில் எழுதுங்கள். மற்றதை மறைத்துவிடுங்கள். வெர்ஷன் எண் காப்பாற்ற வேண்டியது இந்த ஹெடரில் உள்ளதை மட்டும்தான்.

இரண்டாம் படி: மெதுவான புரோகிராம் கோடைத் தூக்கி எறியாதீர்கள்

முதலில் எழுதிய சாதாரண ஃபார் லூப் இருக்கிறதே, அதுதான் உங்கள் உரைகல். வேகத்துக்காகப் பயன்படுத்தும் ஏவிஎக்ஸ்2 (பிராசஸரின் கட்டளைத் தொகுதி ஒன்று) ஒரே கட்டளையில் எட்டு ஃபுளோட் (தசம) எண்களைக் கையாளும்; அதனால் கூட்டும் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் லேசாக நகரும். இரண்டு விடைகளும் அச்சு அசலாக ஒன்றா என்று டெஸ்ட் எழுதினால் அது தோற்கும், தப்பு உங்களுடையதாகவும் இருக்காது. எவ்வளவு வித்தியாசம் பொறுக்கலாம் என்று ஓர் அளவு வைத்து ஒப்பிடுங்கள். அந்த அளவை ஆவணத்திலும் எழுதிவிடுங்கள், பின்னால் தேவைப்படும். நீளத்தை 1024 என்று மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். 1, 7, 1023 எல்லாம் கொடுத்துப் பாருங்கள். எட்டில் அடங்காத மிச்சத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

மூன்றாம் படி: எல்லாருடைய கணினியிலும் ஓடும்படி கட்டுங்கள்

நான் விழுந்த குழி இது. ஜிசிசி கம்பைலரில் '-மார்ச்=நேட்டிவ்' (இந்தக் கணினியின் பிராசஸருக்கு ஏற்றபடி கட்டு) என்ற ஃபிளாக்கைப் போட்டுக் கம்பைல் செய்தேன். என் கணினியில் பறந்தது. மச்சானிடம் இருந்தது பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப். அதில் ஓட்டியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரே வரி, அவ்வளவுதான். அந்த பிராசஸரில் ஏவிஎக்ஸ்2 கிடையாது. இன்டெல் அதை 2013-இல் ஹாஸ்வெல்லோடுதான் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த மலிவு பிராசஸர்கள் பலவற்றிலும் இல்லை. "உன் புரோகிராம் பத்து பைசாவுக்கு ஆகாது மாப்ளே" என்றான்.

ஆகவே அந்த ஃபிளாக்கை வெளியீட்டில் தொடவே வேண்டாம். சாதாரண வடிவம், எஸ்எஸ்இ (ஏவிஎக்ஸுக்கு முந்தைய கட்டளைத் தொகுதி) வடிவம், ஏவிஎக்ஸ்2 வடிவம் என்று தனித்தனி ஃபைலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய ஃபிளாக்கை அந்த ஃபைலுக்கு மட்டும் கொடுங்கள். புரோகிராம் தொடங்கும்போது பிராசஸரைக் கேட்டு, பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கட்டும். ஜிஎன்யு ரேடியோ என்ற திறந்தமூல மென்பொருளில் பயன்படும் வோல்க் லைப்ரரியும் இந்த வழிதான். அதில் 'வோல்க்_புரொஃபைல்' என்ற கருவி, உங்கள் கணினியில் எந்த வடிவம் வேகம் என்று ஓட்டியே பார்த்துக் குறித்து வைக்கும். புதியவர்கள் அதன் சோர்ஸைத் திறந்து ஒரு மாலை படித்தாலே நிறையக் கிடைக்கும்.

நான்காம் படி: எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

வெர்ஷனுக்கு மூன்று எண்கள்: மேஜர், மைனர், பேட்ச். பிழை திருத்தினால் கடைசி எண். பழையதைக் கெடுக்காமல் புதிதாகச் சேர்த்தால் நடு எண். லைப்ரரியை அழைக்கும் பழைய கோடு உடையும் (வேலை செய்யாமல் போகும்) என்றால் முதல் எண். 0-வில் தொடங்கும் வரை எதுவும் மாறலாம் என்று அர்த்தம். 1.9.0-வுக்கு அடுத்தது 1.10.0, இது தசம எண் இல்லை. 1.3.0-ஆர்சி1 (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வடிவம்) என்பது 1.3.0-வுக்கு முந்தியது.

இதுவரை எல்லா லைப்ரரிக்கும் பொது. வேகத்துக்காக எழுதும் லைப்ரரியில்தான் ஒரு வில்லங்கம். ஹெடரில் ஒரு எழுத்துகூட மாறாமல் பழைய கோடு உடையும். 'இனி நீங்கள் தரும் மெமரி 32 பைட் எல்லையில் (முகவரி 32-ஆல் வகுபடும் இடத்தில்) தொடங்க வேண்டும்' என்று உள்ளே மாற்றினேன் என்று வையுங்கள். ஃபங்ஷன் அதே பெயர், அதே வடிவம், கம்பைலும் ஆகும். ஓட்டும்போது விழும். 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூரில் ஒரு வீடும் இடம் பெயரவில்லை. ஆனால் முகவரியில் மாவட்டத்தை எல்லாரும் மாற்றி எழுத வேண்டி வந்தது. அப்படி, அழைப்பவர் தன் பக்கம் எதையாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால் அது மேஜர். ஆவணத்தில் சொன்ன பிழை அளவைத் தளர்த்தினாலும் மேஜர்தான் என்பது என் கட்சி. அந்த அளவுக்குள்ளேயே விடை லேசாக நகர்ந்து வேகம் கூடினால் பேட்ச் போதும். குறிப்பில் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: எஸ்ஓ-நேம்

லினக்ஸில் லிங்க் செய்யும்போது எஸ்ஓ-நேமாக (புரோகிராம் ஓடும்போது லைப்ரரியைத் தேடும் பெயர்) 'லிப்உறுமி.எஸ்ஓ.1' என்று மட்டும் கொடுங்கள், முழு எண்ணையும் கொடுக்காதீர்கள். அப்போதுதான் 1.3.1 வந்தால் பழைய புரோகிராம்கள் மறுபடி கம்பைல் ஆகாமலே அதை எடுத்துக்கொள்ளும். ஹெடரில் வெளியே தெரியும் ஸ்ட்ரக்டின் (பல உறுப்புகளை ஒன்றாக வைக்கும் சி அமைப்பு) நடுவில் ஒரு உறுப்பைச் செருகினீர்களா? 1 என்பதை 2 ஆக்குங்கள்.

ஆறாம் படி: டேக்

சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பு ஃபைல்) என்ன மாறியது என்று மனிதர் படிக்கும்படி எழுதுங்கள். 'இரண்டு மடங்கு வேகம்' என்று மொட்டையாக எழுத வேண்டாம். எந்த பிராசஸர், எந்தக் கம்பைலர், எத்தனை புள்ளி என்பதும் வேண்டும். பிறகு கிட்டில் இந்த வெளியீட்டுக்கு டேக் (பெயர்ச்சீட்டு) போட்டு அனுப்புங்கள்:

கிட் டேக் -ஏ வி1.3.0 -எம் "உறுமி 1.3.0"
கிட் புஷ் ஆரிஜின் வி1.3.0

வெறும் 'கிட் புஷ்' டேக்கை அனுப்பாது. அனுப்பிய பின் பிழை கண்ணில் பட்டால், டேக்கை அழித்து அதே பெயரில் மறுபடி போடத் தோன்றும். செய்யாதீர்கள். ஏற்கெனவே இறக்கியவரிடம் ஒரு 1.3.0, உங்களிடம் வேறொரு 1.3.0 என்று ஆகிவிடும். திருத்தி 1.3.1 போடுங்கள்.

கடைசியாக, டேக்கிலிருந்து புதிதாக இறக்கி, கைக்குக் கிடைக்கும் ஆகப் பழைய கணினியில் கட்டி டெஸ்ட்களை ஓட்டுங்கள். எனக்கு அது மச்சானின் லேப்டாப். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரைச் செருகினால் இன்னும் ஓடுகிறது.