பங்குனியில் வடக்கே திரும்பும் பறவைகளைப் பதிவு செய்வது எப்படி: கொங்கு நாட்டுக் குளங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஐப்பசி, கார்த்திகையில் வலசைப் பறவைகள் நம் குளங்களில் வந்து இறங்குவதைப் பலரும் ஆவலோடு குறித்து வைக்கிறார்கள். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை அவை வடக்கே திரும்பிச் செல்வதைக் குறிப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு பறவை வந்ததைப் பார்த்த அன்றே எழுதிவிடலாம். அது கிளம்பிய நாளோ, பிறகும் அதே குளத்துக்குப் போய் அது இல்லை என்று கண்ட பின்னரே தெரியவரும். எனவே வசந்தகாலப் பதிவில் பார்த்ததை எழுதுவது பாதி வேலை. பார்க்காததும் பதிவாகும்படி எழுதுவது மறுபாதி. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) செயலியில் இதைச் செய்யும் முறையைக் கீழே தருகிறேன். செயலியை நிறுவிக் கணக்குத் தொடங்குவது எளிது என்பதால் அதை விளக்கவில்லை.

முதல் படி: ஒரு குளத்தைத் தேர்ந்தெடுங்கள்

கோவையில் சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சூலூர் குளம், திருப்பூரில் நஞ்சராயன் குளம், ஈரோட்டில் வெள்ளோடு என நல்ல இடங்கள் பல உண்டு. வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. ஆனால் உங்கள் பதிவுக்குக் குளத்தின் புகழைவிட, வாரம் தவறாமல் போக முடிகிற தொலைவே முக்கியம். ஊர்ப்புறத்துச் சிறு குளமாக இருந்தாலும் போதும்.

பங்குனி வெயிலில் நீர் வற்றிச் சேறு வெளிப்படும் பக்கத்தில்தான் உள்ளான்கள் எனப்படும் சிறு கரைப்பறவைகள் இரை தேடும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறமும் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பில் கானல் அசையத் தொடங்கிவிடும் என்பதால் விடிந்ததும் போய்விடுவது நல்லது.

இரண்டாம் படி: கருவி

எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மி.மீ. முகப்பு வில்லையும் கொண்ட இருகண் நோக்கியையே நான் பரிந்துரைப்பேன். பத்து மடங்கு நோக்கியில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பும் பெரும்பாலும் குறுகும். கேமராவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். படம் எடுப்பதில் முனைபவர் கூட்டத்தை எண்ணத் தவறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: யாரைக் கவனிப்பது

எல்லா உள்ளான்களையும் முதல் ஆண்டிலேயே பிரித்தறிய முயல வேண்டாம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, பொறி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, தகைவிலான், சோளப்பட்சி ஆகியவற்றை நன்றாகத் தெரிந்துகொண்டாலே இந்தப் பருவத்துக்குப் போதுமானது. கம்பிவால் தகைவிலான் இங்கேயே தங்கும் பறவை. அதற்கு அடிப்பகுதி தூய வெள்ளை, உச்சந்தலை செம்பழுப்பு. வலசை வரும் தகைவிலானுக்குத் தொண்டை செம்பழுப்பு, அதன் கீழே கருநீலப் பட்டை. மடையானின் முதுகு இனப்பெருக்கக் காலத்தில் கருஞ்சிவப்பாக மாறுவதைக் கண்டு புதிய விருந்தாளி என்று எழுதிவிடாதீர்கள். அது ஆண்டு முழுவதும் நம் வயலில் நிற்கும் கொக்குதான்.

சோளப்பட்சிகள் இலவம்பூவிலும் கல்யாண முருங்கைப் பூவிலும் தேன் குடித்துவிட்டு, மாலையில் பெருங்கூட்டமாக அடையும். அவை குஞ்சு பொரிப்பது மத்திய ஆசியப் புல்வெளிகளையும் அதற்கு மேற்கேயுள்ள நிலங்களையும் சார்ந்த பாறை இடுக்குகளில். கூட்டத்தில் பத்துப் பறவைகள் அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அது போல எத்தனை பங்கு என்று மதிப்பிட்டு எண்ணை எழுதுங்கள். எண்ணாமல் இடும் 'எக்ஸ்' குறி, கூட்டம் வாரவாரம் குறைவதைக் காட்டாது.

நான்காம் படி: பட்டியலை முடிக்கும் கேள்வி

பறவைகளை உள்ளிட்டு முடித்ததும், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளும் அடங்கிய முழுப் பட்டியலா இது என்று செயலி கேட்கும். இந்தக் கேள்விக்கு முன் நான் நெடுநேரம் தயங்கியதுண்டு. புதிதாகத் தொடங்கும் பலரும் 'இல்லை' என்பதை அழுத்துவது இங்கேதான். குளத்தில் இருந்த எல்லாப் பறவையையும் பார்த்தீர்களா என்று கேட்பதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வி அதுவன்று. உங்களுக்கு அடையாளம் தெரிந்த எதையும் வேண்டுமென்றே விட்டுவிடவில்லை என்றால் விடை 'ஆம்'. நாணலுக்குள் குரல் கொடுத்த கதிர்க்குருவி எதுவென்று தெரியாமல் போனாலும் விடை 'ஆம்'தான். காகமும் மைனாவும் எப்போதும் இருப்பவைதானே என்று விட்டிருந்தால் மட்டுமே 'இல்லை'. அவற்றையும் எழுதிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

இதில் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஈபேர்டில் ஒரு மாவட்டத்தின் பருவ வரைபடம், ஒவ்வொரு மாதத்தையும் நான்கு பங்காகப் பிரித்து, அப்போது வந்த முழுப் பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஒரு பறவை இடம்பெற்றது என்று கணக்கிடுகிறது. நீங்கள் 'ஆம்' என்று அனுப்பிய பட்டியலில் ஊசிவால் வாத்து இல்லையென்றால், அன்று அது உங்கள் கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தரவாகச் சேரும். 'இல்லை' என்று அனுப்பினால், அது மறதியா, பறவை கிளம்பிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படித் திரண்ட பொதுமக்கள் பதிவுகளைக் கொண்டே 2023இல் இந்தியாவின் 942 பறவை இனங்களின் நிலை மதிப்பிடப்பட்டது. நெடுந்தொலைவு வலசை செல்பவை குறைந்துவருகின்றன என்னும் கவலையை அந்த மதிப்பீடு எழுப்பியது. அவற்றுள் பல நம் குளத்துச் சேற்றில் நிற்பவை என்பதால் நம் பட்டியலும் அங்கே வேண்டும்.

ஐந்தாம் படி: நிறுத்தாதீர்கள்

குளம் வெறிச்சோடியதும் போவதை நிறுத்திவிடுவது இயல்பு. சித்திரை முடியும் வரை, அதே கரையில் ஏறத்தாழ அதே நேரம் நின்று தொடர்ந்து பட்டியலிடுங்கள். அப்போதுதான் கடைசியாகத் தங்கிய பொறி உள்ளானின் நாள் உறுதிப்படும்.

பிற்சேர்க்கை: குழுவாகச் செல்வோர் ஆளுக்கொரு பட்டியல் அனுப்பியதில் ஒரே கூட்டம் பலமுறை பதிவானதாக வாசகர் சிலர் எழுதியிருந்தனர். ஒருவர் மட்டும் பட்டியலிட்டு, அதைச் செயலியின் பகிரும் வசதி வழியாக மற்றவர்களுக்கு அனுப்பினால் போதும். அவரவர் கணக்கில் அது சேரும், தரவில் ஒரே வருகையாக நிற்கும். வழக்கத்துக்கு மாறான காலத்தில் ஒரு பறவையைப் பதிந்தால் செயலி விளக்கம் கேட்கும். அப்போது 'நன்றாகப் பார்த்தேன்' என்று எழுதாமல், பறவையின் அளவு, அலகு, கால் நிறம், அருகில் நின்ற வேறு பறவை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்.